தணிக்கைச் சான்றிதழும் சிறுதேர்ப் பருவமும்

'கூலி' வெளியான மறுநாள், 2025 ஆகஸ்ட் 15, சுதந்திர தின விடுமுறை. எங்கள் நண்பர் ஒருவர் மனைவி மக்களுடன் ஸ்ரீவைகுண்டத்தில் பேருந்தேறி நகரத்துத் திரையரங்கு ஒன்றுக்குப் போனார். மகனுக்குப் பதினைந்து வயது, மகளுக்கு ஒன்பது. வாயிலில் நின்ற ஊழியர் பிள்ளைகள் இருவரையும் பார்த்தார், தலையை அசைத்தார், அவ்வளவுதான். முன்பதிவுக் கட்டணம் திரும்பக் கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் மகன் கேட்டானாம்: "ஜெயிலர் பாக்கும்போது எனக்குப் பதிமூணு வயசுதானப்பா? அப்ப உள்ள விட்டாங்க. இப்ப ரெண்டு வயசு கூடியிருக்கு, விடமாட்டேங்காங்க."

எங்கள் மாலைக் கூடுகையில் நண்பர் இதைச் சொன்னபோது முதலில் அனைவரும் சிரித்தோம். பிறகு யாருக்கும் விடை சொல்லத் தெரியவில்லை. கம்பனையும் புதுமைப்பித்தனையும் பற்றி மணிக்கணக்கில் வாதிடும் எங்களால் ஒரு பதினைந்து வயதுப் பையனின் கணக்கைத் தீர்த்துவைக்க முடியவில்லை. இக்கட்டுரை அன்று தொடங்கியது.

செய்தி அனைவரும் அறிந்ததே. 2023 ஆகஸ்டில் வந்த 'ஜெயிலர்' யு/ஏ சான்றிதழ் பெற்றது. கதைநாயகன் வாளெடுத்துத் தலையைத் துண்டிக்கும் காட்சி அதில் உண்டு. ஊர்ப்பிள்ளைகள் எல்லாம் பெற்றோருடன் போய்ப் பார்த்தார்கள், கைதட்டினார்கள். அச்சான்றிதழைத் திரும்பப் பெறவேண்டும் எனச் சென்னை உயர்நீதிமன்றத்தில் ஒரு வழக்கு தொடரப்பட்டது. நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. இரண்டாண்டு கழிந்து அதே நடிகர், அதே தயாரிப்பு நிறுவனம். படம் 'கூலி', சான்றிதழ் ஏ. இம்முறை வழக்குத் தொடர்ந்தது தயாரிப்பு நிறுவனமான சன். இதை ஒத்த வன்முறை கொண்ட பிற பெரிய படங்களுக்கு யு/ஏ வழங்கப்பட்டிருக்கையில் எங்களுக்கு மட்டும் ஏன் ஏ என்பது வாதம். அதுவும் தள்ளுபடியாயிற்று. ஒருவர் ஏ கேட்டுப் போய் வெறுங்கையுடன் திரும்பினார். மற்றொருவர் யு/ஏ கேட்டுப் போய் வெறுங்கையுடன் திரும்பினார். இரண்டுக்கும் நடுவில் நம் பையன் வாயிலில் நிற்கிறான்.

நீதிமன்றத்தைக் குறை கூறுவது எங்கள் எண்ணமன்று. தணிக்கை வாரியத்தின் முடிவை மாற்றுவதில் நீதிமன்றங்கள் தயக்கம் காட்டுவது பெரும்பாலும் நல்லதே. 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்துக்கு வழங்கிய யு சான்றிதழைச் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்ததும், 1989இல் உச்சநீதிமன்றம் அதனை மீட்டுத் தந்ததும் கருத்துரிமை வரலாற்றில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் நிகழ்வு. அங்கே வழக்கு ஒரு கருத்தைப் பற்றியது. இங்கே வழக்கு எத்தனை இருக்கைகள் நிரம்பும் என்பதைப் பற்றியது. இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது பிழை.

இருக்கைக் கணக்கு நம்மூர்த் திரைத்துறைக்குப் புதிதன்று. 2006இல் தமிழ்ப் பெயர் சூட்டிய படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு வந்தது. 2011இல் அதனுடன் யு சான்றிதழும் நிபந்தனையாகச் சேர்ந்தது. அன்றுமுதல் யு என்ற ஓரெழுத்து குழந்தைகளுக்கான குறிப்பு என்னும் நிலையிலிருந்து வரித்துறைக்கான ரசீது என்னும் நிலைக்கு இறங்கிவிட்டது. இங்கே கொஞ்சம் கத்தரித்து, அங்கே ஓர் ஒலியை அடக்கி, எப்படியேனும் யு வாங்கிவிடுவது ஒரு தொழில்நுட்பமாகவே வளர்ந்தது. 2017இல் சரக்கு சேவை வரி வந்தபின் அவ்விலக்கு தன் பொருளை இழந்தது; பழக்கம் மட்டும் போகவில்லை. ஏ படத்தை அப்படியே தொலைக்காட்சியில் ஒளிபரப்ப இயலாது என்ற விதியும் சேர்ந்துகொள்ள, சான்றிதழ் என்பது இன்று பேரத்துக்குரிய பொருள். குழந்தை அப்பேரத்தில் ஒரு தரப்பே அன்று.

ரசிகர்களிடம் வருவோம். இங்கே எங்கள் கருத்து சிலருக்குக் கசக்கலாம். 2025 பொங்கலன்று 'ஜெயிலர்' இரண்டாம் பாகத்தின் அறிவிப்புக் காணொளி வந்தது. அன்றுமுதல் எங்கள் தெருவில் கேட்ட பேச்செல்லாம் ஒன்றே: முதல் பாகத்தைவிட ரத்தம் கூடுமா, குறையுமா? 'கூலி'க்கு ஏ என்றதும் அப்பேச்சுக்கு ஒரு புதுத் திமிர் வந்தது. ஏ என்றால் சமரசம் இல்லை, இயக்குநர் பணியவில்லை, படம் 'தரமாக' இருக்கும் என்று பொருளாம். படம் வருவதற்கு முன்னரே ஓர் எழுத்தை வைத்துக் கொண்டாடினார்கள். படம் வந்தபின் அதே நண்பர்களில் சிலர், இதற்கா ஏ, பெரிதாக ஒன்றுமில்லையே என்று சலித்துக்கொண்டதையும் கேட்டோம். அவர்களுக்கு ஏ என்பது எச்சரிக்கையாக இல்லை; வாக்குறுதியாக இருந்திருக்கிறது.

கடல் கடந்தும் இதே கதைதான். 2024இல் வந்த 'டெட்பூல் அண்ட் வுல்வரின்' ஆர் தரவரிசையிலேயே வரும் என்பது அதன் ரசிகர்களுக்கு ஒரு மானப் பிரச்சினையாகவே இருந்தது. இன்னும் பழைய உதாரணமும் உண்டு. 1981இல் வந்த முதல் இண்டியானா ஜோன்ஸ் படத்தை நம்பி, 1984இல் அடுத்த படமான 'டெம்பிள் ஆஃப் டூம்'முக்கு அமெரிக்கப் பெற்றோர் குழந்தைகளுடன் போனார்கள். அங்கே திரையில் ஒருவனின் நெஞ்சுக்குள் கைவிட்டு இதயத்தைப் பிடுங்கினார்கள். (கதை நடப்பது இந்தியாவில், படம்பிடித்தது இலங்கையில், அதன் அபத்தங்களை இன்னொரு நாள் பேசலாம்.) எழுந்த கண்டனத்தில் இயக்குநர் ஸ்பீல்பெர்க்கே இடைப்பட்ட ஒரு வகை வேண்டுமென்று முன்மொழிய, அவ்வாண்டே பிஜி-13 பிறந்தது. நம் நாட்டில் யு/ஏ அதற்கு ஓராண்டு முன்னரே, 1983இல், வந்துவிட்டது என்பதைச் சற்றே பெருமையுடன் குறித்துவைக்கிறோம். ஆனால் பெருமை அதோடு நின்றது. பிறகு நாற்பதாண்டுகள் அந்த ஒரே சாக்கில் எல்லாவற்றையும் அடைத்தோம். ஐந்து வயதுக் குழந்தைக்கும் பதினேழு வயது இளைஞனுக்கும் ஒரே பெயர், ஒரே சாக்கு.

2023இல் திருத்திய சட்டமும் 2024 விதிகளும் அச்சாக்கை மூன்றாகப் பிரித்துள்ளன: யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+. எங்களுக்கு இது மிக நல்ல மாற்றம் என்றே படுகிறது. இம்மூன்றும் பெற்றோருக்கான வழிகாட்டல். ஏ போல வாயிலில் தடுக்கும் அதிகாரம் கொண்டவை அல்ல. முடிவு தாய் தந்தையர் கையில். எனவே அந்த எண் அவர்கள் கண்ணில் பட்டாக வேண்டும். எங்கே படுகிறது? சுவரொட்டியில் கதாநாயகனின் கண்ணாடி ஆறடி. சான்றிதழ் எழுத்தைத் தேட நமக்கு ஒரு கண்ணாடி வேண்டும்.

வயதைப் பகுத்துப் பார்ப்பது ஏதோ அயல்நாட்டு இறக்குமதி என்று எங்கள் கூட்டத்திலேயே ஒரு பெரியவர் மறுத்துரைத்தார். அவருக்கு எங்கள் பதில் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடிய குமரகுருபரர் பிறந்த மண் இது. ஐந்து வயதுவரை பேசாதிருந்த பிள்ளை திருச்செந்தூரில் வாய்திறந்தது என்று இன்றும் பாட்டிமார் சொல்வார்கள். பிள்ளைத்தமிழ் என்ற இலக்கியம் என்ன செய்கிறது? மூன்றாம் மாதத்தில் தொடங்கி இருபத்தொன்றாம் மாதம் வரை, இரண்டு திங்களுக்கு ஒன்றாகக் குழந்தைமையைப் பத்துப் பருவமாகப் பிரிக்கிறது. செங்கீரை ஆடும் பிள்ளையிடம் சிறுதேர் உருட்டச் சொல்வதில்லை. சப்பாணி கொட்டும் பிள்ளையிடம் சிறுபறை முழக்கச் சொல்வதில்லை. இரண்டு மாத வேறுபாட்டையே கண்டறிந்து பாடிய மரபு, ஏழுக்கும் பதின்மூன்றுக்கும் வேறுபாடு காண்பதை அந்நியம் என்று சொல்லலாமா?

ரத்தம் நம் இலக்கியத்துக்குப் புதிதன்று என்பதையும் மறைக்கவில்லை. கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்தில் கூழ் சமைத்து உண்கின்றன. அதைப் பள்ளியில் படித்தோம். ஆனால் அதே நூலின் கடைதிறப்பை எந்தத் தமிழாசிரியரும் எங்களுக்கு நடத்தவில்லை. கல்லூரிக்குப் போனபின் நாங்களே தேடிப் படித்துக்கொண்டோம். நூலை யாரும் வெட்டவில்லை, எரிக்கவில்லை. நேரம் வரட்டும் என்று விட்டுவைத்தார்கள். எங்களுக்குத் தெரிந்த மிகச் சிறந்த சான்றிதழ் முறை அதுதான். (ரத்தம் சிறுவருக்கு ஆகும், காதல் ஆகாது என்ற அந்தக் கணக்கு சரியா என்பது வேறு சண்டை.)

மறுபக்கமும் உண்டு. எங்கள் பகுதிப் புளியங்குளத்துக்காரரான மாரி செல்வராஜின் 'வாழை' (2024) பார்த்தவர்களுக்கு அந்தச் சிறுவர்கள் நினைவிருக்கும். ஒருவன் ரஜினி ரசிகன், மற்றவன் கமல் ரசிகன்; இருவரும் வாழைத்தார் சுமக்கிறார்கள். பெரியவர்களின் பாரத்தைத் தலையில் ஏற்றும்போது வயது கேட்காத உலகம், அவர்களுக்கிருந்த ஒரே கொண்டாட்டத்தின் வாயிலில் மட்டும் வயது கேட்டால் அது எவ்வளவு கோபத்தைக் கிளப்பும் என்பது எங்களுக்குப் புரிகிறது. தாமிரபரணிக் கரையில் தலைவர் படம் என்பது குடும்பமாய்ப் போகும் திருவிழா. பத்து வயதுப் பிள்ளையை வீட்டில் விட்டுப் போவது என்றால் தாயும் போகமுடியாது. ஆகவே ஏ என்ற எழுத்து எங்கள் ஊர்களில் முதலில் தடுப்பது குழந்தைகளையன்று, பெண்களை. சான்றிதழ் பற்றிப் பேசுவோர் இதை ஏனோ பேசுவதில்லை.

எனவே எங்கள் வேண்டுகோள் தணிக்கை வாரியத்துக்கு அன்று. முதல் பாகத்தைக் குடும்பத்துக்கென்று விற்றுவிட்டு இரண்டாம் பாகத்தை எடுக்கும் தயாரிப்பாளர்களுக்கு: சான்றிதழ் எதுவென்று சொல்லாமல் முன்பதிவைத் திறக்காதீர்கள். அந்த எண்ணை நாயகன் பெயருக்கு அருகில், பேருந்திலிருந்து பார்த்தாலும் தெரியும் அளவில் போடுங்கள். வாயிலில் திருப்பி அனுப்பும் குடும்பத்துக்குக் கட்டணத்தைத் திருப்பித் தரச்சொல்லித் திரையரங்குகளிடம் எழுதி வாங்குங்கள்.

நண்பர் அன்று கடைசியாக ஒன்று சொன்னார். 'ஜெயிலர்' இரண்டாம் பாகம் எந்தச் சான்றிதழுடன் வந்தாலும் முதலில் தாம் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்து பிள்ளைகளைப் பற்றி முடிவு செய்வதாக. மனைவி ஒப்புக்கொண்டுவிட்டாராம். மகனிடம் அதை எப்படிச் சொல்வது என்றுதான் எங்களிடம் யோசனை கேட்டார்.