இரண்டாமவனுக்கு எத்தனை நிமிடம்?

ஆஸ்டினுக்குப் பக்கத்தில் மகள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. காலையில் நடை, மாலையில் பேரனுக்குக் கணக்கு என்று நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தது. இப்போது சனிக்கிழமை வந்தால் வீட்டில் ஒரு வழக்கு. மாப்பிள்ளை ஒரு கட்சி, நானும் பேரனும் ஒரு கட்சி. பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வழக்கு அமெரிக்கக் கால்பந்து பற்றியது. நம் ஊரில் ஆடும் கால்பந்து இல்லை இது. முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மோதும் ஆட்டம். பதினொரு பேரில் குவார்ட்டர்பேக் என்று ஒருவன். ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் பந்து முதலில் அவன் கைக்குத்தான் வரும். எறிவதா, இன்னொருவனிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று இரண்டு மூன்று நொடிக்குள் முடிவெடுக்க வேண்டும். மற்ற இடங்களில் ஆட்களை மாற்றி மாற்றி இறக்குவார்கள். இந்த இடத்தில் மட்டும் ஒருவன் ஆடினால் அடுத்தவன் ஓரத்தில் நிற்க வேண்டியதுதான். தோனி காலத்து தினேஷ் கார்த்திக்கை நினைத்துக்கொள்ளுங்கள். தோனிக்கு முன்பே இந்திய அணிக்குள் வந்தவர். முடிவில் தோனி 90 டெஸ்ட், கார்த்திக் 26.

டெக்சாஸ் பல்கலைக்கழக அணியில் 2024இல் ஓரத்தில் நின்றவன் ஆர்ச் மேனிங். (பேரன் போன்ற வயதுப் பிள்ளைகள், அதனால் அவன் இவன் என்றே எழுதுகிறேன்.) தாத்தா ஆர்ச்சி மேனிங், சித்தப்பாமார் பெய்ட்டன், ஈலை என்று குடும்பமே குவார்ட்டர்பேக் குடும்பம். சித்தப்பாக்கள் இருவரும் ஆளுக்கு இரண்டு சூப்பர் பவுல் வென்றவர்கள். அப்படிப்பட்ட பையன் 2023 முழுக்க அநேகமாக நின்றே கழித்தான். முதலிடத்தில் குவின் யூவர்ஸ்.

2024 செப்டம்பர் 14 அன்று யூவர்ஸுக்கு விலாப்பக்கம் அடிபட்டது. ஆர்ச் உள்ளே போனான். எறிந்த முதல் பந்தே டச்டவுன். அடுத்து தானே பந்தைத் தூக்கிக்கொண்டு 67 கெஜம் ஓடினான். 12 எறிந்து 9 சேர்ந்தது, நான்கு டச்டவுன். பேரன் சோபாவில் ஏறி நின்றதை நான் கண்டிக்கவில்லை. அடுத்த இரண்டு ஆட்டங்களும் அவன் தலைமையில் வெற்றி. மிசிசிப்பி ஸ்டேட்டுக்கு எதிராக 325 கெஜம் எறிந்தான். பிறகு யூவர்ஸ் தேறி வந்தான், ஆர்ச் திரும்பவும் ஓரத்துக்குப் போனான். முறைதான். அடிபட்டதற்காக ஒருவன் இடத்தைப் பறிக்கக்கூடாது.

என் வருத்தம் 2024 அக்டோபர் 19, சனிக்கிழமை அன்று நடந்ததில். ஜார்ஜியாவுடன் ஆட்டம், இதே ஆஸ்டினில், ஒரு லட்சம் பேர் அரங்கில். யூவர்ஸுக்கு எதுவும் கூடி வரவில்லை. பந்தைப் பறிகொடுத்துக்கொண்டே இருந்தான். அணி அடிமேல் அடி வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில் பயிற்சியாளர் சார்கிசியன் அவனை இழுத்துவிட்டு ஆர்ச்சை இறக்கினார். அவனாலும் ஒன்றும் ஆகவில்லை. பாதி ஆட்டத்தில் 23-0. இரண்டாம் பாதியில் மறுபடி யூவர்ஸ். முடிவு 30-15. (இடையில் நடுவர் தீர்ப்பு பிடிக்காமல் கூட்டம் மைதானத்துக்குள் பாட்டில் எறிந்தது தனிக்கதை. எந்த ஊரானாலும் கூட்டம் கூட்டம்தான்.)

இதில் இரண்டு பையன்களுக்கும் அநியாயம் நடந்தது என்பேன். மூத்தவனுக்கு வெளியே வந்தது தண்டனை மாதிரி. இளையவனுக்கு உள்ளே போனது தீயணைக்கப் போன மாதிரி. எரிகிற வீட்டுக்குள் அனுப்பிவிட்டு, அவன் எப்படி நடக்கிறான் என்று பார்த்தால் என்ன தெரியும்?

மாப்பிள்ளை சொல்வது வேறு. "இரண்டு குவார்ட்டர்பேக் இருந்தால் ஒருவரும் இல்லை என்று அர்த்தம், மாமா. இங்கே எல்லாரும் சொல்வதுதான்." ஆட்டம் கையில் வந்தபிறகு கடைசிக் கால் மணியில் ஆர்ச்சை இறக்கினால் போதும் என்பது அவர் கட்சி. சாட்சிக்கு அலபாமாவைக் கூப்பிடுகிறார். 2018 ஜனவரியில் நாட்டின் இறுதி ஆட்டம். அப்போதும் எதிரணி ஜார்ஜியாதான். பாதி ஆட்டத்தில் 13-0 என்று பின்தங்கியிருந்தது அலபாமா. இரண்டு ஆண்டுகளாகத் தோல்வியே அபூர்வம் என்றிருந்த ஜேலன் ஹர்ட்ஸை உட்காரவைத்து, முதலாண்டு மாணவன் துவா டாகோவைலோவாவை இறக்கினார் நிக் சேபன். கூடுதல் நேரத்தில் 41 கெஜம் எறிந்து முடித்தான் துவா, 26-23. அதுவரை அந்தப் பையன் வெற்றி உறுதியான ஆட்டங்களின் கடைசிப் பகுதியில்தான் ஆடியிருந்தான்.

சாட்சி பலமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கதைக்கு அடுத்த பாகம் உண்டு. அதே ஆண்டு டிசம்பர் 1, அதே அட்லாண்டா அரங்கம், அதே ஜார்ஜியா. இப்போது துவாவுக்கு அடிபட்டது. உள்ளே போனவன் ஹர்ட்ஸ். 28-21 என்று பின்தங்கியிருந்த ஆட்டத்தை 35-28 என்று முடித்துக்கொடுத்தான். அவன் பெயருக்குத்தான் இரண்டாமவன். இரண்டு ஆண்டு பெரிய ஆட்டங்களில் முழுசாக நின்று பழகியவன். அன்று எதிரணியிலும் ஓர் இரண்டாமவன் இருந்தான், ஜஸ்டின் ஃபீல்ட்ஸ். 28-28 என்று நின்றபோது, பந்தை உதைத்து அனுப்புவது போல் ஏமாற்றும் ஒரு தந்திரத்துக்கு அவனை அனுப்பினார்கள். பலிக்கவில்லை. அடுத்த சில வாரங்களில் ஃபீல்ட்ஸ் ஜார்ஜியாவை விட்டு ஒஹாயோ ஸ்டேட்டுக்குப் போய்விட்டான்.

அங்கிருந்து ஒரு வம்சாவளியே வருகிறது, கேளுங்கள். ஒஹாயோவில் ஃபீல்ட்ஸ் முதல்வன் ஆனபோது அவனுக்குப் பின்னால் காத்திருந்தவன் சி.ஜே. ஸ்ட்ரவுட். ஸ்ட்ரவுட் முதல்வன் ஆனபோது பின்னால் நின்றவன் யார் தெரியுமா? இதே குவின் யூவர்ஸ்! 2021இல் பள்ளியின் கடைசி ஆண்டைக்கூட விட்டுவிட்டு அங்கே போனான். அந்தப் பருவம் முழுவதும் அவனுக்குக் கிடைத்தது இரண்டே இரண்டு முறை. இரண்டிலும் பந்தை வாங்கிப் பக்கத்தில் இருந்தவனிடம் கொடுத்தான், அவ்வளவுதான். ஆண்டு முடிவில் டெக்சாஸ் வந்துவிட்டான். அவன் வந்தபின் டெக்சாஸில் காத்திருந்த மாலிக் மர்ஃபி, 2023இல் யூவர்ஸ் அடிபட்டபோது இரண்டு ஆட்டம் ஜெயித்துக் கொடுத்துவிட்டு டியூக்குக்குப் போய்விட்டான். 2024 ஏப்ரலில் விதி இன்னும் தளர்ந்தது. படிப்பு ஒழுங்காக இருந்தால் எத்தனை முறை கல்லூரி மாறினாலும் உடனே ஆடலாம் என்று ஆனது. மாணவன் இருக்கட்டும் என்று நினைக்கிற பயிற்சியாளர் அவனுக்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும்.

என்ன கொடுக்கலாம்? ஃபுளோரிடா 2006இல் செய்ததைச் செய்யலாம். கிறிஸ் லீக் கடைசி ஆண்டு மாணவன், முதல்வன் அவன்தான். டிம் டீபோ முதலாண்டு. எறிவதைவிட மோதி ஓடுவதில் கெட்டிக்காரன். இரண்டு மூன்று கெஜம் மட்டும் வேண்டிய இக்கட்டில் டீபோவை இறக்குவார் பயிற்சியாளர் அர்பன் மேயர். லீக்கின் கௌரவம் குறையவில்லை, ஏனென்றால் அது தண்டனை இல்லை, ஏற்பாடு. அந்த அணி நாட்டின் பட்டத்தை வென்றது, 41-14. அடுத்த ஆண்டு டீபோவுக்கு ஹைஸ்மன் விருது. ஆர்ச்சுக்கும் கால் இருக்கிறது, 67 கெஜம் ஓடிக் காட்டியிருக்கிறான். யூவர்ஸ் முதல்வனாகவே இருக்கட்டும். ஒவ்வோர் ஆட்டத்திலும், முடிவு தெரியாமல் இருக்கும்போதே, ஆர்ச்சுக்கு ஒன்றிரண்டு முறை என்று வார ஆரம்பத்திலேயே இருவரிடமும் சொல்லிவிட வேண்டும். அவன் வசதிக்கேற்ற ஆட்டத்தை அவனுக்கென்றே தயார் செய்ய வேண்டும்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு ஆவேசம் என்று மகள் கேட்டாள். அவளிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

உங்களில் சிலருக்கு நினைவிருக்கும், மாவட்டப் பேச்சுப்போட்டிக்கு மூன்று ஆண்டு தொடர்ந்து ஒரே பையனை அழைத்துப் போனேன். பரிசு வாங்குவான், குறையில்லை. கூடவே ஒரு மாணவியைத் துணைக்கு என்று கூட்டிப்போவேன். அவள் குரலும் சொந்தச் சிந்தனையும் அவனைவிட ஒரு படி மேல். எனக்கே தெரியும். "அடுத்த வருஷம் உனக்குத்தான்மா" என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வேன். மூன்றாவது ஆண்டு, போட்டியன்று காலையில் பையனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அவளை மேடையில் ஏற்றினேன். பேசக் கொடுத்தது அவனுக்காக நான் எழுதிய உரை. கேட்டுக் கேட்டே மனப்பாடம் ஆகியிருந்தது அவளுக்கு. இரண்டாவது நிமிடம் நின்றுவிட்டாள். அவளுக்குச் சபைக்கூச்சம் என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டோம். நானும் தலையாட்டினேன்.

திரும்பி வரும்போது பேருந்தில் ஒன்றே ஒன்று கேட்டாள்: "நான் எழுதி வச்சிருந்ததைப் பேசியிருக்கலாமா சார்?" எழுதி வைத்திருந்தாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அதற்கடுத்த ஆண்டு அவள் பெயர் கொடுக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. இதைப் படித்தால், அம்மா, தப்பு என்னுடையது. அன்று சொல்லியிருக்க வேண்டும்.

ஜார்ஜியா ஆட்டத்துக்கு அடுத்த சனிக்கிழமை நாஷ்வில்லில் வாண்டர்பில்ட்டுடன் ஆட்டம். லேசான அணி என்று நினைக்கவேண்டாம். 2024 அக்டோபர் 5ஆம் தேதிதான் முதலிடத்தில் இருந்த அலபாமாவை 40-35 என்று கவிழ்த்தார்கள். யூவர்ஸ்தான் ஆடுவான் என்று சார்கிசியன் சொல்லிவிட்டார், சரி. முதல் பாதியில் ஒரு தடவையாவது ஆர்ச் உள்ளே வந்தால் ஞாயிறு காலை காபி மாப்பிள்ளை போட வேண்டும். வராவிட்டால் நான்.