சாப்பாடு வேண்டாம் என்பவர் சாமியை வேண்டாம் என்று சொல்லவில்லை



வெள்ளிக்கிழமை தோறும் நம்ம கோயில் அடுப்படியில் நிற்கிற நாங்கள் நாலு பேர் சேர்ந்து எழுதுகிற பதிவு இது. கொஞ்சம் நீளம். கோபமும் இருக்கு. முழுசா படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. பூஜை முடிந்து, மாலை மரியாதை முடிந்து, பந்தி ஆரம்பிக்கும்போது மணி பத்தேகால். அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா தட்டை எடுக்காமல் கை கூப்பி, "வேணாம் தம்பி, ராத்திரியில சாப்பிட்டா எனக்கு ஒத்துக்காது" என்றார். எங்களில் ஒருவர் கரண்டியோடு நின்றுகொண்டு, "சாமி சாப்பாட்டை வேணாம்னு சொல்லலாமா ஆண்ட்டி? பிரசாதம் ஒண்ணும் பண்ணாது, ஒரு பிடி சாப்பிடுங்க" என்று சத்தமாகச் சொன்னார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு பிடி என்று சொல்லிவிட்டு ரெண்டு கரண்டி சோறு, சாம்பார், கத்திரிக்காய் பிரட்டல், வடை, அப்பளம் எல்லாம் விழுந்தது. அந்த அம்மா வெட்கப்பட்டுக்கொண்டு முழுவதையும் சாப்பிட்டார்.

அன்றைக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு எதுக்களித்து, புளித்த தண்ணி தொண்டையைத் தாண்டி மூக்கு வரைக்கும் ஏறி, மூச்சு முட்டி எழுந்திருக்கிறார். விடியும் வரை நாற்காலியில் உட்கார்ந்தே இருந்திருக்கிறார். மகள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அதற்கப்புறம் அவர் வெள்ளிக்கிழமை பூஜைக்கு வருவதே இல்லை. வந்தால் சாப்பிடச் சொல்லுவார்கள், மறுத்தால் நாலு பேர் முன்னால் பேசுவார்கள் என்ற பயம்.

சோறு போட்டு ஒரு பக்தையைக் கோயிலை விட்டு விரட்டியிருக்கிறோம். வேறு யாரும் இல்லை, நாங்கள்தான்.

இதில் பெரிய வெட்கம் என்னவென்றால், எங்கள் நாலு பேரில் ரெண்டு பேருக்கு அதே நோய் இருக்கிறது. தெரிந்தே பேசியிருக்கிறோம்.

இது என்ன நோய்? நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு தசைச் சுவர் இருக்கிறது. அதில் ஒரு ஓட்டை வழியாகத்தான் உணவுக்குழாய் கீழே இறங்கி இரைப்பையில் சேருகிறது. அந்த ஓட்டை தளர்ந்து போனால் இரைப்பையின் மேல் பகுதி நெஞ்சுப் பக்கம் ஏறிக்கொள்ளும். இதுதான் ஹையாட்டல் ஹெர்னியா. ஹெர்னியா என்றதும் "அது அடிவயித்துல வர்ற குடலிறக்கம்தானே" என்று கேட்கிறார்கள். இது இறக்கம் இல்லை, ஏற்றம். வயசு கூடக்கூட, உடம்பு எடை கூடக்கூட இது அதிகம் வருகிறது. சின்னதாக இருந்தால் பல பேருக்கு ஒரு தொந்தரவும் தெரியாது.

எங்களில் ஒருவர் ஃபேக்டரி சூப்பர்வைசர். அவர் சொல்லுகிற விளக்கம் இது. பைப்பில் தண்ணி திரும்பி வராமல் இருக்க ஒரு வால்வு போடுவோம் இல்லையா, அது மாதிரி உணவுக்குழாய்க்கும் இரைப்பைக்கும் நடுவில் ஒரு வால்வு. இரைப்பை மேலே ஏறிவிட்டால் அந்த வால்வு சரியாக மூடாது. இப்போது டேங்கை முழுக்க நிரப்பி, பைப்பைப் படுக்கப் போட்டால் என்ன ஆகும்? தண்ணி திரும்பித்தான் வரும். பதினொரு மணிக்கு வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் பன்னிரண்டு மணிக்குப் படுப்பது அதுதான். திரும்பி வருவது வெறும் தண்ணியும் இல்லை, அமிலம்.

அந்த அமிலம் நெஞ்சோடு நின்றால் நெஞ்செரிச்சல். தொண்டை வரைக்கும் வந்தால் வேறு கதை. எங்களில் இன்னொருவர் ஆறு வருஷம் "சைனஸ், சைனஸ்" என்று அலைந்தார். காலையில் எழுந்தால் தொண்டையில் சளி, அடிக்கடி செருமல், மூக்குக்குப் பின்னால் ஏதோ ஒழுகுகிற மாதிரி, குரல் கம்மல். சாம்பிராணிப் புகைதான் காரணம் என்று கருவறைப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார். மருந்துக்கடையில் மூக்கில் அடிக்கிற ஸ்ப்ரே வாங்கி மாதக்கணக்கில் அடித்தார். மூக்கடைப்பை உடனே திறக்கிற அந்த வகை ஸ்ப்ரேயை நாலைந்து நாளுக்கு மேல் தொடர்ந்து அடித்தால், அதுவே அடைப்பை அதிகமாக்கும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. கடைசியில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர் மெல்லிய குழாய் விட்டுப் பார்த்து, குரல்வளையின் பின்பக்கம் வீங்கியிருக்கிறது என்றார். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி: "ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடறீங்க?" அப்புறம் வயிற்றுக்கு ஸ்கோப் பார்த்தபோதுதான் ஹெர்னியா தெரிந்தது. எல்லா சைனசுக்கும் அமிலம் காரணம் இல்லை. அலர்ஜி, கிருமி எல்லாம் இருக்கிறது. ஆனால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைத்துப் பார்க்கவே ஆறு வருஷம் ஆனது.

நம்ம ஆட்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: "கேஸ்ட்ரிக்". நெஞ்சு எரிந்தால் கேஸ்ட்ரிக், முதுகு பிடித்தால் காற்று, தலை சுற்றினால் காற்று. ஒரு சோடா, ஒரு ஏப்பம், முடிந்தது வைத்தியம். கேஸ்ட்ரிக் என்பது நோயின் பெயர் இல்லை, நாம் டாக்டரிடம் போகாமல் இருக்கச் சொல்லிக்கொள்கிற சாக்கு.

இப்போது நீங்கள் சொல்லப்போகிற பதில்கள் எங்களுக்குத் தெரியும். ஒவ்வொன்றாக வருவோம்.

"பிரசாதம் யாருக்கும் கெடுதல் பண்ணாது." பிரசாதம் பண்ணாது, சரி. ஆனால் பிரசாதம் எவ்வளவு? உள்ளங்கையில் ஒரு துளி தீர்த்தம், நெற்றியில் ஒரு சிட்டிகை திருநீறு, ஒரு வாய் சர்க்கரைப் பொங்கல். அது போதும். ரெண்டு கரண்டி சோறும் எண்ணெய் மிதக்கும் பிரட்டலும் ராத்திரி பத்தரைக்கு நாம் போடுகிற சாப்பாடு. நம்ம சமையலின் காரத்துக்கும் எண்ணெய்க்கும் சாமியைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

"எங்க பாட்டி தொண்ணூறு வயசு வரைக்கும் காரமா சாப்பிட்டாங்க." நல்லது. பாட்டி தோட்டத்தில் விடியற்காலையில் பால் மரம் வெட்டப் போனவர். பொழுது சாய்ந்ததும் சாப்பிட்டு, எட்டு மணிக்கெல்லாம் படுத்தவர். நாம் பகலெல்லாம் காரிலும் நாற்காலியிலும் உட்கார்ந்துவிட்டு, நைட் ஷிப்ட்டில் கோப்பி குடித்துவிட்டு, ராத்திரி மாமாக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிடுகிறவர்கள். பாட்டியின் வயிற்றை நமக்குக் கணக்கு வைக்க முடியாது.

"சாப்பாட்டை மறுப்பது அன்னத்தை அவமதிப்பது." இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று எங்களுக்கும் தெரியும். ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கு தின்று உயிர் பிழைத்தவர்களின் பிள்ளைகள் நாம். ஒரு தட்டு சோறு எவ்வளவு பெரிசு என்று வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். அந்த மரியாதை இருக்கட்டும். ஆனால் அன்னதானம் பசித்தவனுக்கு. பசிக்காதவரை, முடியாதவரை மிரட்டிப் போடுவது தானம் ஆகாது. வாங்குகிறவர் மனசு குளிர்ந்தால்தான் தானம்.

"பூஜை லேட்டாத்தானே முடியுது, என்ன செய்ய?" இங்கேதான் எங்கள் கோபம் அதிகம். பூஜை லேட்டாக முடிவதில்லை. எட்டே காலுக்கே தீபாராதனை ஆகிவிடுகிறது. அதற்கப்புறம் உபயகாரர் குடும்பத்துக்கு மாலை, பொன்னாடை, படம் எடுப்பது, தலைவர் பேச்சு, செயலாளர் பேச்சு, வராத விருந்தினருக்காகக் காத்திருப்பது. சாமிக்கு ஒரு மணி நேரம், மனுஷனுக்கு ரெண்டு மணி நேரம். அதற்குள் சாம்பார் மூன்று தடவை சூடாகிறது. இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு, நெஞ்செரிச்சல் உள்ள வயசானவர்கள் மண்டபத்தில் காத்துக் கிடக்கிறார்கள். உபயகாரர் மனசு நோகக் கூடாது என்று பார்க்கிறோம். அவர்கள் வயிறு நோவதைப் பார்ப்பதில்லை.

விரதக் காலம் இன்னும் மோசம். எங்களில் ஒருவர் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க 48 நாள் விரதம் இருந்தார். "விரதத்தில் மருந்து சாப்பிடக் கூடாது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு அமில மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினார். அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்னைவிட வேகமாகச் சுரக்கும். பகல் முழுக்க வெறும் வயிறு, ராத்திரி ஒரே வேளையில் மொத்தச் சாப்பாடு. பத்துமலையில் 272 படி ஏறும்போது, இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டியிருந்ததால் வயிறு அமுங்கி, பாதிப் படியில் புளித்த தண்ணி வாய்க்கு வந்துவிட்டது. முருகன் மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை. சொன்னது நம்மைப் போன்ற ஆட்கள்தான். விரதம் இருக்கும் முன் டாக்டரிடம் கேளுங்கள். கிளினிக் கெசிஹாத்தானில் ஒரு வெள்ளிதான்.

அதனால் நிர்வாகத்திடமும் உங்களிடமும் நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

தீபாராதனை முடிந்து பத்து நிமிஷத்தில் பந்தி. மாலையும் பேச்சும் வேண்டுமானால் சாப்பாட்டுக்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். கேட்கிறவர்கள் இருந்து கேட்கட்டும். காரமும் எண்ணெயும் குறைவாக ஒரு பருப்பு, ஒரு அவித்த காய் தனிச் சட்டியில் வைக்கிறோம், அடுப்படி வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். கேட்டவருக்குக் கேட்ட அளவு மட்டும். "வேண்டாம்" என்று சொன்னால் "சரிங்கம்மா" என்பதுதான் பதில், காரணம் கேட்கக் கூடாது. வீட்டுக்கு எடுத்துப் போகிறவருக்குப் பொட்டலம். அண்டா தூக்குவதையும், சாப்பிட்ட உடனே குனிந்து பாத்திரம் கழுவுவதையும் இந்த நோய் உள்ளவர்கள் மேல் போடாதீர்கள். வயிறு அமுங்கினால் அமிலம் ஏறும்.

இந்த நோயோடு இருக்கிறவர்களுக்கு எங்கள் அனுபவத்தில் சில வார்த்தை. படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடியுங்கள். தலையணையை அடுக்காதீர்கள், அது வயிற்றைத்தான் மடக்கும். கட்டிலின் தலைமாட்டுக் காலுக்கு அடியில் பலகை வைத்து ஆறிலிருந்து எட்டு அங்குலம் உயர்த்துங்கள். இடது பக்கமாகப் படுத்தால் அமிலம் ஏறுவது குறையும். டாக்டர் ஒமிப்ரசோல் கொடுத்திருந்தால் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போடுங்கள். எங்களில் ஒருவர் ரெண்டு வருஷம் சாப்பிட்ட பிறகு போட்டுவிட்டு "மருந்து வேலை செய்யல" என்று டாக்டரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

விழுங்கக் கஷ்டம், ரத்த வாந்தி, கறுப்பு மலம், காரணமில்லாமல் எடை குறைவது, இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள். நெஞ்சு வலி கை, தாடைப் பக்கம் பரவி வேர்த்துக் கொட்டினால், சோடா தேட வேண்டாம். 999 கூப்பிடுங்கள். கேஸ்ட்ரிக் என்று நினைத்து வீட்டிலேயே உட்கார்ந்திருப்பதுதான் ஆபத்து.

அந்த அம்மா வீட்டுக்கு நாங்கள் நாலு பேரும் போகிறோம், மன்னிப்புக் கேட்க. அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வந்தால் தட்டு எடுக்காமல் போகட்டும். கை நிறைய திருநீறு கொடுத்து அனுப்புவோம். சாமி கும்பிட வந்தவரை யாரும் தட்டைப் பார்த்து எடை போட வேண்டாம்.

எல்லாரும் நல்லா இருக்கணும்.

வெள்ளிக்கிழமை அடுப்படித் தொண்டர்கள்