'பாட்டம் வந்தாச்சு' என்று சொல்லும் சார்ட்: பழைய வரைபடத்தை நம்பி பங்கு வாங்கலாமா?

பங்குச்சந்தை நாலு நாள் தொடர்ந்து சரிந்தால் போதும், வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் ஒரு சார்ட் சுற்ற ஆரம்பித்துவிடும். 2008-லோ 2020-லோ சந்தை விழுந்து எழுந்த கோடு ஒரு பக்கம், இப்போதைய கோடு மறுபக்கம். அடியில் ஒரு சிவப்பு வட்டம். கூடவே, "இதுதான் பாட்டம், இதுக்கு மேல இறங்காது" என்று ஒரு வரி.

அந்த வட்டத்தை நம்பி சேமிப்பை இறக்கலாமா?

டபுள் பாட்டம் என்றால் என்ன?

அதிகம் பேசப்படும் வடிவம் இதுதான். விலை விழுகிறது, கொஞ்சம் ஏறுகிறது, மறுபடி பழைய அடிமட்டம் வரை விழுகிறது, ஆனால் அதை உடைக்காமல் திரும்புகிறது. பார்க்க ஆங்கில 'டபிள்யூ' எழுத்து போல இருக்கும். விற்க நினைத்தவர்கள் விற்று முடித்துவிட்டார்கள், இனி வாங்குபவர்கள் கை ஓங்கும் என்பது இதன் பின்னால் உள்ள கணக்கு.

ஆனால் இரண்டாவது முறை திரும்பினால் மட்டும் போதாது. நடுவில் இருக்கும் உச்சியை விலை தாண்டிய பிறகுதான் வடிவம் உறுதியாகிறது என்பது சார்ட் பார்ப்பவர்களின் விதி.

2008: ஒரே நெருக்கடி, இரண்டு முடிவு

2008 அக்டோபர் 27-ல் நிஃப்டி வர்த்தகத்தின் இடையே 2,252 வரை விழுந்தது. நவம்பரில் 3,200-ஐத் தாண்டி, 2009 மார்ச்சில் மீண்டும் 2,540-ஐ ஒட்டி இறங்கியது. பழைய அடிமட்டம் உடையவில்லை. சார்ட் சொன்னது பலித்தது.

அமெரிக்காவில் அதே மாதங்களில் நடந்தது வேறு. எஸ் அண்ட் பி 500 குறியீடு 2008 நவம்பர் 20-ல் 752-ல் முடிந்தது. ஜனவரி தொடக்கத்தில் 934-க்கு ஏறியது. 'பாட்டம் போட்டாச்சு' என்று நம்பும்படியான ஏற்றம். ஆனால் 2009 மார்ச் 9-ல் 676-க்கு விழுந்து, பழைய அடிமட்டத்தை உடைத்துக்கொண்டு போனது.

இதைவிடக் கொடுமையான உதாரணம் 1929. டோ ஜோன்ஸ் நவம்பரில் 198-க்கு விழுந்து, 1930 ஏப்ரலில் 294-க்கு ஏறியது. கிட்டத்தட்ட 48% லாபம். அங்கிருந்து 1932 ஜூலையில் 41-க்கு வந்து நின்றது.

2020-ல் என்ன ஆனது?

கொரோனா நேரத்தில், மார்ச் 23 அன்று ஒரே நாளில் நிஃப்டி சுமார் 13% சரிந்தது. மறுநாள் 7,511 வரை இறங்கித் திரும்பியது. அதன்பின் அந்தப் பக்கமே வரவில்லை. நவம்பரில் பழைய உச்சத்தையே தாண்டிவிட்டது. 'இன்னொரு தடவை இறங்கட்டும், டபிள்யூ வரட்டும்' என்று காத்திருந்தவர்கள் கையைப் பிசைந்ததுதான் மிச்சம்.

அப்போ சார்ட் வேஸ்ட்டா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. எந்த விலை உடைந்தால் தன் கணிப்பு தவறு என்று முன்கூட்டியே முடிவு செய்ய சார்ட் உதவும். ஆனால் இரண்டு சிக்கல்கள் உண்டு.

ஒன்று, உறுதியாகும் வரை காத்திருந்தால் விலை ஏறிவிடும். 2009-ல் நடு உச்சியை நிஃப்டி தாண்டியது ஏப்ரலில்தான். அதற்குள் மார்ச் அடிமட்டத்திலிருந்து 25%-க்கும் மேல் ஏறியிருந்தது. காத்திருக்காமல் வாங்கினால், அது வெறும் ஊகம்.

இரண்டு, ஒப்பிட உதாரணங்களே குறைவு. இந்தியச் சந்தையின் பெரும் சரிவுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அளவுகோலை இழுத்துச் சுருக்கினால் எந்தக் கோட்டையும் எந்தக் கோட்டோடும் பொருத்திக் காட்டலாம். பலிக்காத சார்ட்டை யாரும் மறுபடி ஷேர் செய்வதில்லை.

சிறு முதலீட்டாளர் என்ன செய்யலாம்?

பாட்டம் நிச்சயம் என்று நினைப்பவர்கள் அடுத்து போவது பெரும்பாலும் ஆப்ஷன் பக்கம். 2021-22 முதல் 2023-24 வரையிலான 3 நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93% பேர் நஷ்டமடைந்ததாக செபி ஆய்வு சொல்கிறது. ஆப்ஷனுக்குக் காலக்கெடு உண்டு. சந்தை ஒரு மாதம் தாமதமாகத் திரும்பினாலும், போட்ட பணம் போனதுதான்.

சில ஆண்டுகளுக்குத் தேவைப்படாத பணமாக இருந்தால், ஒரே நாளில் போடாமல் பல தவணைகளாகப் பிரித்துப் போடலாம். அப்போது பாட்டம் எது என்று கண்டுபிடிக்க வேண்டிய கட்டாயமே இல்லை. பிள்ளையின் காலேஜ் ஃபீஸ், வீட்டுக் கடன் தவணை போன்ற பணத்தை எந்த சார்ட்டை நம்பியும் இறக்கக் கூடாது. சார்ட் அனுப்பி 'உடனே வாங்கு' என்று சொல்பவர் செபியில் பதிவு பெற்றவரா என்பதை செபி இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.