விடுப்பு யாருடைய சொத்து?

பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டு இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று சட்டம் வர 1989 ஆனது. அறுபது ஆண்டுகள். நிலம், வீடு, நகை, சம்பளம் இவையெல்லாம் சொத்து என்று இன்று நமக்குத் தெரியும். யாராவது எடுத்துக்கொண்டால் ஏன் என்று கேட்கவும் ஓரளவு பழகியிருக்கிறோம். வேலைக்குப் போகும் பெண்ணிடம் இன்னொரு சொத்தும் இருக்கிறது. அதுவும் அவள் உழைத்துச் சேர்த்ததுதான். அவளைக் கேட்காமலேயே குடும்பம் அதைச் செலவழித்துவிடுகிறது. அவளுடைய விடுப்பு நாள்களைச் சொல்கிறேன்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இல் இயற்றப்பட்டது. ஓராண்டு வேலை பார்த்தவருக்கு ஊதியத்துடன் 12 நாள் விடுமுறை, அது தவிர 12 நாள் தற்செயல் விடுப்பு, 12 நாள் நோய் விடுப்பு என்று அது சொல்கிறது. மாநில அரசு ஊழியருக்கும் ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு உண்டு. இதில் ஆணுக்கு இத்தனை, பெண்ணுக்கு இத்தனை என்ற பேதம் கிடையாது. ஜனவரி முதல் தேதியில் கணவனும் மனைவியும் சமமாகத்தான் இருக்கிறார்கள். டிசம்பரில் யாருடைய நாள்கள் எங்கே போயின என்று கணக்குப் பார்த்தால்தான் குடும்பம் தெரியும்.

என்னிடம் படித்த மாணவி ஒருத்தி. திருமணமாகி நான்கு ஆண்டுகள், ஒன்றரை வயதில் ஒரு குழந்தை. மேடவாக்கத்தில் வாடகை வீடு, இருவருக்கும் பழைய மாமல்லபுரம் சாலையில் வெவ்வேறு நிறுவனங்களில் வேலை. காதலித்து மணந்தவர்கள். வாடகை பாதிப் பாதி, மளிகை பாதிப் பாதி, காருக்குக் கட்டும் தவணையும் பாதிப் பாதி. மாதக் கடைசியில் யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று கைபேசியே சொல்லிவிடும். "எங்க வீட்டுல எல்லாமே சமம், மேடம்" என்று அவள் சொன்னபோது பொய் சொல்லவில்லை. அவள் அப்படித்தான் நம்பினாள்.

ஆயுத பூசையும் விஜயதசமியும் புதன், வியாழனில் வந்த ஆண்டு அது. வெள்ளிக்கிழமை ஒருநாள் விடுப்புப் போட்டால் சனி, ஞாயிறோடு சேர்த்து ஐந்து நாள். ஊட்டிக்குப் போகலாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். அந்த ஒரு வெள்ளிக்கிழமை அவளிடம் இல்லை.

எங்கே போயிற்று? குழந்தையைக் காப்பகத்தில் விட்டுப் பழக்கிய இரண்டு வாரங்களில் ஊதிய விடுமுறை 12 நாளும் ஜனவரியிலேயே தீர்ந்துவிட்டன. தற்செயல் விடுப்பில் குழந்தையின் காய்ச்சலுக்கு 4 நாள். மாமியாரின் கண்புரை அறுவைக்கு 3 நாள். கணவனின் சித்தப்பா மகள் திருமணத்துக்கு 2 நாள். காப்பகம் திடீரென்று மூடிய நாள்கள் 2. வீடு மாறிய நாள் 1. கூட்டினால் 12. நோய் விடுப்பு மிச்சமிருந்தது. ஆனால் அதை எடுக்க அவளுக்கு நோய் வர வேண்டும். அவளுக்குக் காய்ச்சல் வந்தபோதோ, குழந்தையைப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள்.

அவனிடம் தற்செயல் விடுப்பில் மட்டும் 7 நாள் மிச்சம். போன ஐந்தில் இரண்டு அந்தத் திருமணத்துக்கு, இரண்டு நண்பர்களோடு கோவாவுக்கு, ஒன்று சேப்பாக்கத்தில் கிரிக்கெட் பார்க்க. அறுவை நடந்தது அவனைப் பெற்றவளுக்கு. அதற்கு அவன் ஒருநாளும் போடவில்லை. "ஆஸ்பத்திரியில பொம்பளை ஆள்தான் கூட இருக்கணும்" என்று பேச்சு முடிந்துவிட்டது. செப்டம்பரில் அவளிடம் விடுப்பே இல்லை என்று தெரிந்ததும் அவன் சொன்னது: "உனக்கு லீவைப் பிளான் பண்ணத் தெரியல."

அந்த வெள்ளிக்கிழமையைச் சம்பளப் பிடித்தத்தில் எடுத்துக்கொண்டு அவள் போனாள். பெட்ரோல், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் வழக்கம்போலப் பாதிப் பாதி. பிடிபட்ட ஒருநாள் சம்பளம் மட்டும் அந்தக் கணக்கில் ஏறவில்லை. அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று இருவருக்கும் தெரியவில்லை.

நான் கோபப்படுவது இந்த இடத்தில்தான். அவன் அடிப்பவன் இல்லை, குடிப்பவன் இல்லை, சந்தேகப்படுபவன் இல்லை. நம் வீடுகளில் "தங்கமான பையன்" என்று சொல்வார்களே, அப்படி ஒருவன். அதனாலேயே அவன் எடுத்துக்கொண்டது யார் கண்ணிலும் படவில்லை, அவன் கண்ணிலும் படவில்லை. பணத்தைப் பைசா வரை பிரிக்கத் தெரிந்த தலைமுறைக்கு நாள்களைப் பிரிக்கத் தோன்றவில்லை. அவனுடைய விடுப்பு அவனுடையது. அவளுடைய விடுப்பு வீட்டுப் பொது உண்டியல்.

சரி, ஊருக்குப் போய்விட்டார்களே, அங்கேயாவது அவளுக்கு ஓய்வு கிடைத்ததா? நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு. அதற்கு விண்ணப்பித்தவள் அவள். மலையில் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலுக்குத் தடை என்பதால் எவர்சில்வர் பாட்டில்களை எடுத்துவைத்தவள் அவள். வளைவுப் பாதையில் வாந்திக்கு மாத்திரை, காய்ச்சலுக்குச் சிரப், குழந்தைக்குக் கம்பளித் தொப்பி, அவனுடைய சார்ஜர், எல்லாம் அவள் நினைவில். மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லிச் சம்மதம் வாங்கியதும் அவளே. தங்குமிடத்தைத் தேடும்போது "சமையலறை வசதி உண்டு" என்ற வரியைப் பார்த்துத்தான் பதிவு செய்தாள், குழந்தைக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று. ஆக, ஏழாயிரம் அடி ஏறிப்போய் மூன்று வேளையும் பருப்புச் சாதம் குழைத்தாள். மாதவிடாய் அந்த ஐந்து நாளில் வந்துவிடும் என்று கணக்கிட்டு, அதைத் தள்ளிப்போட மாத்திரையும் விழுங்கினாள். பயணத் திட்டத்துக்குள் அவளுடைய உடலும் ஒரு வேலையாகச் சேர்ந்தது.

"அவன்தானே பத்து மணி நேரம் வண்டி ஓட்டினான்?" என்று கேட்பீர்கள். ஓட்டினான், அதுவும் உழைப்புதான். ஆனால் வண்டியை நிறுத்தியதும் அந்த வேலை முடிந்துவிடும். எல்லோரும் பார்த்த வேலை என்பதால் "பாவம், களைச்சுப்போயிருப்பான், தூங்கட்டும்" என்ற சொல்லும் கூடவே வரும். அவள் செய்தது எப்போது தொடங்கியது என்றும் யாருக்கும் தெரியாது, எப்போது முடிந்தது என்றும் தெரியாது.

இது ஒரு வீட்டின் கதை இல்லை என்பதற்கு ஒன்றிய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பே சாட்சி. வீட்டுவேலை செய்வதாகச் சொன்னவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், 2019-இல் பெண் நாளொன்றுக்கு 299 நிமிடம், ஆண் 97 நிமிடம் செலவிட்டார்கள். 2024-இல் பெண் 289, ஆண் 88. ஐந்தாண்டில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது என்று மகிழ்வதற்குள் ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது. ஆண்கள் மாறிவிட்டார்கள் என்று விளம்பரங்கள் சொல்லிக்கொண்டிருந்த ஆண்டுகள்தாம் இவை.

அரசாங்கமும் இந்த விஷயத்தில் நல்ல மாமியார்தான். ஒன்றிய அரசு ஊழியருக்குக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு என்று ஒன்று உண்டு. பணிக்காலம் முழுவதற்கும் 730 நாள். பெண் ஊழியர் எடுக்கலாம். ஆண் ஊழியர் என்றால் திருமணமாகாதவராகவோ, மனைவியை இழந்தவராகவோ, மணவிலக்குப் பெற்றவராகவோ இருந்து, தனியாகக் குழந்தை வளர்க்க வேண்டும். விதியின் பொருள் என்ன? வீட்டில் மனைவி என்று ஒருத்தி இருக்கும்வரை தகப்பனுக்குக் குழந்தையைப் பார்க்க நாள் தேவையில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் யாருடைய விடுப்பு கரைய வேண்டும் என்பதை மேடவாக்கத்து வீடு தானாகக் கண்டுபிடிக்கவில்லை. அது அரசாணை மொழியில் முன்பே எழுதப்பட்டிருக்கிறது.

பண்டிகைகளுக்கு அந்த அரசாணையும் தேவையில்லை. தலைதீபாவளி ஒன்றுதான் பெண்வீட்டில். அதற்குப் பிறகு வரும் தீபாவளியும் பொங்கலும் கணவனின் ஊரில். அந்த மூன்று நாளும் அலுவலகப் பதிவேட்டில் அவளுக்கு விடுமுறை. ஊரில் அவள் நாற்பது பேருக்கு இட்லி ஊற்றிக்கொண்டிருப்பாள். திங்கட்கிழமை திரும்பி வந்ததும் "லீவெல்லாம் எப்படிப் போச்சு?" என்று கேட்பார்கள். "நல்லா போச்சு" என்பாள்.

இதெல்லாம் வசதியுள்ளவர்களின் குறை, விடுப்பே இல்லாத பெண்களைப் பற்றிப் பேசக் கூடாதா என்று ஒரு தோழி கேட்டார். பேசத்தான் வேண்டும். இந்தத் தம்பதி ஊட்டிக்குப் போன நாள்களில், அவர்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்காவிடம் "அஞ்சு நாள் வர வேண்டாம்" என்று சொன்னார்கள். அந்த ஐந்து நாள் கூலியும் பிடிக்கப்பட்டது. ஒருவர் விடுமுறை இன்னொருவரின் வயிற்றில் அடிப்பதை நாம் இயல்பாக எடுத்துக்கொள்கிறோம். 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கண்ணில் வீடு ஒரு நிறுவனமில்லை; ஆகவே அங்கே கூலிக்கு உழைப்பவளுக்கும் அந்தச் சட்டம் தரும் விடுப்பு கிடையாது, கூலியில்லாமல் உழைப்பவளுக்கும் கிடையாது. முதுகலை வகுப்பில் ஒருமுறை, "உங்கள் அம்மா கடைசியாக எப்போது விடுமுறையில் இருந்தார்?" என்று கேட்டேன். நெடுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருத்தி எழுந்தாள். "அம்மா வீட்டுல வேலை செய்யாத நாள்னா, ஆஸ்பத்திரியில படுத்திருந்த நாள்தான், மேடம்." வேலைக்குப் போகும் மகள் தன் 12 நாளையும் வீட்டுக்கே கொடுத்துவிட்டு நிற்கிறாள் என்றால், அவள் தன் அம்மாவைக் காட்டிலும் எவ்வளவு தூரம் வந்திருக்கிறாள்?

சங்கப் பாடல்களில் 'செலவு' என்றால் பயணம். பொருள் தேடிப் பாலைவழியே போவது ஆணின் செலவு. காத்திருப்பது அவள் பாடு. கடல்வழிப் பயணம் பெண்ணோடு இல்லை என்று தொல்காப்பியம் இலக்கணமே வகுத்தது. இன்று அவளும் உடன் போகிறாள். காரின் முன்னிருக்கையில் அமர்ந்திருக்கிறாள். செலவு என்ற சொல்லின் இன்றைய பொருள் மட்டும் அவள் பக்கம் அதிகமாகச் சாய்ந்திருக்கிறது: பணம், நாள், நினைவு, உடல்.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். "அவளுக்குத்தான் இதெல்லாம் நன்றாக வரும்." செய்து செய்து வந்தது, அவனும் செய்தால் அவனுக்கும் வரும். "அவளே விரும்பித்தான் லீவு போட்டாள்." காய்ச்சலில் கிடக்கும் குழந்தையை விட்டுப் போக அவளுக்கு மனம் வராது என்பது உண்மை. அவனுக்கு எப்படி வந்தது என்று ஏன் யாரும் கேட்பதில்லை? "கணவன் மனைவிக்குள் கணக்குப் பார்க்கலாமா?" வாடகையில் பார்த்தார்களே! பாசத்துக்குக் கணக்கு ஆகாது என்ற நியாயம் பெண்ணின் நாள்களைத் தொடும்போது மட்டும் நினைவுக்கு வருவது ஏன்?

இதை வாசிக்கும் மாணவிகளுக்கும், மணம் முடித்து வேலைக்குப் போகும் பெண்களுக்கும் நான் சொல்வது இதுதான். புத்தாண்டுக்கு வாங்கும் நாள்காட்டியில் இரண்டு பத்திகள் போடுங்கள். யார் எந்த நாளை எதற்காக விட்டார்கள் என்று எழுதுங்கள். குழந்தைக்கு முதல் காய்ச்சலுக்கு நீங்கள் என்றால் அடுத்ததற்கு அவர். அவரைப் பெற்றவர்களின் மருத்துவமனை நாள்கள் அவருடைய விடுப்பிலிருந்து போகட்டும். உங்களைப் பெற்றவர்களுக்கு உங்கள் நாள்கள் மிச்சமிருக்க வேண்டும். ஒரு தீபாவளி அங்கே என்றால் ஒரு தீபாவளி இங்கே. அவர் நண்பர்களோடு இரண்டு நாள் போனால், உங்கள் தோழிகளோடு உங்களுக்கும் இரண்டு நாள். பயணத்தில் சம்பளம் பிடிபட்டால் அது பயணச்செலவு, அதையும் பாதியாக்குங்கள். வீட்டுவேலைக்கு வரும் அக்காவுக்கு நீங்கள் ஊரில் இல்லாத நாள்களின் கூலியையும் கொடுங்கள். குழந்தைப் பராமரிப்பு விடுப்பை எல்லாத் தகப்பன்மாருக்கும் கொடு, அதை எடுக்க வை என்று சங்கங்களில் பேசுங்கள்.

முதல் ஆண்டு சண்டை வரும். வரட்டும். "லீவு நாளைக்கெல்லாமா கணக்கு?" என்று முகம் சுளிப்பார்கள். சொத்தில் பங்கு கேட்ட பெண்களைப் பார்த்தும் இப்படித்தான் சுளித்தார்கள். விடுப்பு, விடுமுறை, விடுதலை மூன்றும் 'விடு' என்ற ஒரே வேரிலிருந்து வந்தவை. அந்த மூன்றாவது சொல்லை மேடையில் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து முதல் சொல்லை இனாமாகக் கொடுத்துக்கொண்டிருக்க முடியாது. உங்களிடம் இருப்பது 12 நாள். அதில் ஒரு வெள்ளிக்கிழமையையாவது யாருக்கும் காரணம் சொல்லாமல் உங்களுக்கென்று எடுத்துவையுங்கள்.