கியாந்தி புளிக்கிறதாம்!

"கியாந்தியா? மெலிந்த, புளித்த வைன்" என்று விருந்தொன்றிலே நண்பர் ஒருவர் தீர்ப்புக் கூறினார். அவர் கையில் கிண்ணம் இருந்தது; முன்னால் உணவு எதுவும் இருக்கவில்லை. நூற்றுக்கு இத்தனை என்று வைனுக்குப் புள்ளியிடும் விமர்சகர்கள் பலரும் இதையேதான் செய்கின்றனர். சொதியைத் தனியே கோப்பையில் ஊற்றிப் பருகிவிட்டு, "இதென்ன பண்டம்?" என்று கேட்பவரை யாழ்ப்பாணத்தவர் எவ்வாறு நோக்குவாரோ, அவ்வாறே அன்று அவரை நோக்கினேன்.

கியாந்தி என்பது இத்தாலியின் டஸ்கனி மாநிலத்திலே, புளோரன்சுக்கும் சியேனாவுக்கும் இடைப்பட்ட குன்றுகளின் பெயர். அங்கு விளையும் சாஞ்சியோவேசே என்ற திராட்சை புளிப்பு மிக்கது, துவர்ப்பும் உடையது. இவை குறைகளா? அம்மக்கள் எதை உண்கிறார்கள் என்று பார்த்தபின் கூறுங்கள். பாணுக்கு அவர்கள் உப்பிடுவதில்லை. பழம்பாணைத் தக்காளியோடும் ஒலிவ் எண்ணெயோடும் குழைய வேகவைத்து உண்பார்கள். கருங்கோவா இலை, வெள்ளை அவரை, பாண் மூன்றும் சேர்ந்த 'ரிபொல்லீத்தா' மறுநாள் மீண்டும் சூடாக்கும்போதே சுவை கூடும். பெயரின் பொருளே 'மீளக் கொதித்தது' என்பதுதான். எலும்போடு தடிப்பாக வெட்டிய மாட்டிறைச்சியைக் கரி நெருப்பில் வாட்டி, உள்ளே சிவப்பு மாறுமுன் இறக்கிவிடுவார்கள். தக்காளியின் புளிப்புக்கு முன்னால் புளிப்பற்ற வைன் சப்பென்றாகிவிடும். கியாந்தியோ ஈடுகொடுத்து நிற்கும். அதன் துவர்ப்பு இறைச்சியின் புரதத்தோடும் கொழுப்போடும் சேர்ந்து மென்மையாகும். செம்மறிப்பாலில் செய்த பெக்கோரீனோ பாற்கட்டியோடும் அப்படியே.

நண்பர் மீது மட்டும் பழி போடுவது நியாயமாகாது. 1716 இல் மூன்றாம் கோசிமோ தெ மெதிச்சி இக்குன்றுகளுக்கு எல்லை வகுத்தார். 1932 இல் இத்தாலிய அரசோ அப்பெயரைச் சுற்றியுள்ள பெரும் பரப்புக்கெல்லாம் வாரி வழங்கியது. ஊரின் பெயரை அயலூர்களுக்குப் பங்கிடுவதற்கு ஆணையொன்று போதுமா?

இருமுறை இத்தாலியின் பிரதமராக இருந்த பெத்தினோ ரிக்காசோலி 1872 இல் எழுதிய கடிதமொன்றிலே, மல்வசியா என்ற வெள்ளைத் திராட்சை விரைவில் பருகும் வைனுக்கே உகந்தது, நாட்பட வைப்பதற்குத் தேவையில்லை என்று தெளிவாகக் குறிப்பிட்டார். ஆயினும் 1967 ஆம் ஆண்டின் சட்டம் வெள்ளைத் திராட்சையைக் கட்டாயமாக்கிற்று. வைக்கோல் சுற்றிய போத்தல்களில் அக்காலத்தில் உலகெங்கும் சென்ற கியாந்தி பல மெலிந்திருந்தமை உண்மையே. பழைய குன்றுகளின் 'கியாந்தி கிளாசிக்கோ'வில் வெள்ளைத் திராட்சை 2006 ஆம் ஆண்டு அறுவடையிலிருந்துதான் முற்றாக விலக்கப்பட்டது.

ஒரு நோய் தீர்ந்ததும் மற்றொன்று. இன்று அங்கே நூற்றுக்கு இருபது பங்கு வரை கபர்னே, மெர்லோ போன்ற பிரெஞ்சுத் திராட்சைகளைக் கலக்கலாம். யாருக்காக? உணவின்றிச் சுவைத்துப் புள்ளியிடும் அதே கனவான்களுக்காக! அதனால் பருத்து இனித்து நிற்கும் வைன் தக்காளியின் முன்னே வாயடைத்துப் போகிறது.

எமது உறைப்பான இறைச்சிக் கறியோடு இதை அருந்துங்கள் என்று நான் பரிந்துரைக்கவில்லை. மிளகாயின் எரிவைத் துவர்ப்பு மேலும் கிளறிவிடும். அடுத்த முறை நண்பர் வீட்டுக்கு நானே ஒரு போத்தலுடன் செல்வதாக இருக்கிறேன். பாணும் தக்காளியும் அவர் வாங்கி வைக்கட்டும்.