இலக்கு அச்சம்

திருப்பதி மாவட்டத்துத் திருக்காளத்தி, வேடராகிய கண்ணப்ப நாயனார் வழிபட்ட தலம். அவர் இளமையில் வில்வித்தை பயின்றதைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைக்கிறார்.

நன்கு பயின்ற வில்லாளரையும் ஓர் அச்சம் பற்றுவதுண்டு. சிலருக்கு அம்பு நடுப்புள்ளியை நோக்கும் முன்பே கை உறைந்து நிற்கும். சிலருக்குக் குறி நிலைபெறும் முன்பே விரல்கள் நாணை விட்டுவிடும். இதனை ‘இலக்கு அச்சம்’ எனலாம். இது ஆற்றல் குறைவன்று. தவறிவிடுமோ என்னும் கலக்கமே.

இதற்கு மருந்து, இலக்கைச் சில நாள் அகற்றிவிடுவதே. ஆசிரியர் உடனிருக்க, வெறும் வைக்கோல் திரைக்கு மிக அருகில் நின்று, கண்களை மூடி, நாணை இழுத்து விடுவதை மட்டும் பழக வேண்டும். பின்னர்ப் பெரிய இலக்கு வைத்துத் தொலைவைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். இலக்கின்றி எய்வது வீண் என்பர் சிலர். நான் அவ்வாறு கருதவில்லை. வெற்றி தோல்வி எண்ணாத இடத்தில்தான் கை அஞ்சாமல் கற்கிறது.

சித்தூரிலும் திருப்பதியிலும் வளரும் நமக்கும் இவ்வச்சம் உண்டு. வெளியில் தெலுங்கு பேசிப் பழகிய நாம், பிழை நேருமோ என்றஞ்சித் தமிழ் வகுப்பில் வாய் திறவாது நிற்கிறோம். பாட்டி நமக்கு மதிப்பெண் இடுவதில்லை. நாள்தோறும் அவருடன் தமிழில் உரையாடுவோம். வகுப்பில் எழுந்து பேசும் துணிவு மெல்ல வரும்.