காலை நீவி விடாதீர்கள்!

எங்கள் திருத்தணியில் யாருக்காவது எலும்பு முறிந்தால், "புத்தூருக்குக் கூட்டிட்டுப் போங்க" என்பதுதான் முதல் யோசனை. ஆந்திர எல்லையைத் தாண்டியதும் புத்தூர். எலும்புக் கட்டுக்குப் பேர் போன ஊர். ஆனால் என் மாமியார் துவைக்கிற கல்லருகே வழுக்கி விழுந்து உடைத்துக்கொண்டது இடுப்பெலும்பு. சென்னைக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்தோம்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "எலும்பைப் பத்திக் கவலை இல்லே. கால்ல ரத்தம் கட்டிக்காமப் பார்த்துக்கணும்."

பெரிய ஆபரேஷன் நடந்தால், காயத்தை அடைப்பதற்காக உடம்பு ரத்தத்தைச் சீக்கிரம் உறைய வைக்கப் பார்க்குமாம். படுத்தே கிடந்தால் கெண்டைக்கால் சதை ரத்தத்தை மேலே தள்ளுவதும் குறைந்துவிடும். உள்ளே இருக்கும் ரத்தக் குழாயில் கட்டி உண்டாகி, அது பிய்ந்து நுரையீரலில் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. தடுப்பு மருந்து கொடுக்காத காலத்து ஆய்வுகளில், இடுப்பு ஆபரேஷன் செய்துகொண்ட 100 பேரில் 40 முதல் 60 பேருக்கு இப்படிக் கட்டி இருந்திருக்கிறது. முக்கால்வாசி வெளியே தெரியாது. அதுதான் பயம்!

முதல் 10 நாள் வயிற்றில் ஹெப்பாரின் வகை ஊசி. பிறகு 35-ஆம் நாள் வரை மாத்திரை. ஊசியை நானே போடக் கற்றுக்கொண்டேன். தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, தோலைக் கிள்ளிப் பிடித்துப் போட வேண்டும். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. முதல் நாள் கை நடுங்கியது எனக்குத்தான், அத்தைக்கு இல்லை!

19-ஆம் நாள் அத்தையின் இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கி, தொட்டால் சுட்டது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா பாசத்தோடு எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்துவிட்டார். "நீவி விட்டா வடிஞ்சிடும்மா!" நீவினால் கட்டி பிய்ந்து கிளம்பலாம் என்று டாக்டர் எச்சரித்தது சமயத்தில் ஞாபகம் வந்தது. கிண்ணத்தை வாங்கி அடுப்பு மேடையில் வைத்தேன். பெரியம்மாவுக்குக் கோபம்தான்.

படுக்கையைத் தட்டினால், தலையணைக்கடியில் நாலு மாத்திரை!

"புண்ணு ஆறிடுச்சு, தையலும் பிரிச்சாச்சு. இன்னும் எதுக்கும்மா மாத்திரை?" என்றார் அத்தை. மாத்திரை புண்ணுக்கு இல்லை என்று நான் அவருக்கு ஒரு தடவைகூட விளக்கவில்லையே! தப்பு என்னுடையதுதான்.

ஸ்கேனில் முழங்காலுக்குக் கீழே கட்டி தெரிந்தது. மாத்திரையின் அளவு கூடி, மூன்று மாதம் என்று நீண்டது. மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்திருந்தால் உடனே 108-ஐக் கூப்பிட வேண்டியிருந்திருக்கும். நல்லவேளை, வரவில்லை.

இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கடையில் நாமாக வலி மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். ரத்தக் கசிவு வரலாம். ஈறில் ரத்தமோ, தார் போலக் கறுப்பாக மலமோ கண்டால் டாக்டருக்குத் தெரிய வேண்டும். கீரை சாப்பிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். அந்தக் கணக்கெல்லாம் வார்ஃபரின் மாத்திரைக்கு. அதிலும் திடீரென்று கூட்டவோ குறைக்கவோதான் கூடாது. அத்தையின் மாத்திரை வேறு. முருங்கைக்கீரைப் பொரியல் நடக்கிறது.

இப்போது வாக்கரோடு வாசல் வரை நடக்கிறார். டிசம்பர் 31 படித் திருவிழாவுக்கு மலையின் 365 படியும் ஏறப் போகிறாராம். காரில் போகலாம் அத்தை என்று பேரம் பேசிக்கொண்டிருக்கிறேன்.